இடுப்பிலிருந்து இறங்கிய பிறகு

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்கு முன்பே தெருக்கள் விழித்துக்கொள்கின்றன. இருட்டோடு இருட்டாக ஜீப்புகள் வந்து நிற்கும். தலையில் துண்டும் கையில் தூக்குச் சட்டியுமாகப் பெண்கள் ஏறி, ஒருவர் மடியில் ஒருவர் என்று சொல்லும்படி நெருக்கியடித்து உட்காருவார்கள். 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டு. அங்கிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டங்கள். நம் வீட்டுப் பாயசத்தில் மணக்கிற ஏலக்காய் இவர்கள் பறித்ததுதான். ஏலச் செடி காய்ப்பது உச்சியில் அல்ல. தூரின் அடியில், தரையோடு தரையாக. ஆகவே நாள் முழுவதும் குனிந்தே செய்ய வேண்டிய வேலை அது.

அப்படிக் குனிந்து நிமிரும் தாய் ஒருத்தியைப் போடியில் சந்தித்தேன். வயது முப்பதுக்குள் இருக்கும். அவளுடைய மூத்த பையனுக்கு ஏழு வயது. வாசற்படிக்கு உள்ளே பாயில் சாய்ந்து படுத்திருந்தான். கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் மூடியதுபோல் ஒன்றின்மேல் ஒன்று பின்னிக் கிடந்தன. முகத்தில் மட்டும் அப்படி ஒரு களை! தெருவில் ஜீப்பு போகும் சத்தம் கேட்டால் போதும். அது யாருடைய வண்டி என்று குழறலாகச் சொல்லிவிடுகிறான். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கிறது.

"இத்தனை நாளும் இடுப்புல வச்சுக்கிட்டே திரிஞ்சேன் அக்கா," என்றாள் அந்தத் தாய். "சந்தைக்கு வருவான், கோயிலுக்கு வருவான், கல்யாணம் காட்சிக்கும் வருவான். இப்பக் கனமாயிட்டான். தூக்கினா எனக்கு இடுப்பு விட்டுப் போகுது. பாயோட விட்டுட்டுத்தான் மலைக்குப் போறேன். பக்கத்து வீட்டு ஆத்தா பாத்துக்கிடும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "இவன் நடப்பானாக்கா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்களைக் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதை இந்த வாரம் உங்களுக்குச் சொல்கிறேன். சகோதரிகளே, இது மலையடிவாரத்தின் கதை மட்டுமல்ல. உங்கள் தெருவிலும் வெளியே வராத குழந்தை ஒன்று இருக்கக்கூடும்.

இது வியாதி அல்ல

அந்தப் பையனுக்கு இருப்பது மூளை முடக்குவாதம். பெருமூளை வாதம் என்றும் சொல்வார்கள். குழந்தை கருவில் இருக்கும்போதோ, பிறக்கும் சமயத்திலோ, பிறந்து சில காலத்துக்குள்ளோ, வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பு இது. குறைமாதப் பிரசவம், பிறக்கும்போது மூச்சுத் திணறல், கவனிக்காமல் விட்ட கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் என்று காரணங்கள் பல. காரணம் பிடிபடாமலும் போவதுண்டு. லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற டாக்டர் 1861-ல் இதைப்பற்றி விரிவாக எழுதினார். அவருக்கே ஒரு கால் வளைந்திருந்ததாம். ஆகையால்தான் மற்றவர்கள் கவனிக்காததை அவர் கவனித்தாரோ என்னவோ! நெடுங்காலம் இதற்கு 'லிட்டில் நோய்' என்றே பெயர்.

இதையும் போலியோ என்னும் இளம்பிள்ளை வாதத்தையும் நம்மவர்கள் குழப்பிக்கொள்வார்கள். போலியோவில் கால் துவண்டு சூம்பிப்போகும். இதிலோ பெரும்பாலும் கால் விறைத்துக்கொள்ளும். போலியோ நம் நாட்டை விட்டு ஒழிந்துவிட்டது என்று 2014-ல் சான்று கிடைத்தது. மூளை முடக்குவாதத்துக்குச் சொட்டு மருந்து கிடையாது. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதும் இல்லை. தாய் செய்த பாவமும் இல்லை.

இன்னொன்றையும் நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். மூளையில் ஏற்பட்ட காயம் வளர்வதில்லை. அது அப்படியே நிற்கும். ஆனால் குழந்தை வளர்கிறது! சங்கடமெல்லாம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

வளர்ச்சியே வினையாகும்போது

நமக்கெல்லாம் எலும்பு நீள நீளத் தசையும் கூடவே நீளும். ஓடி ஆடி இழுபடுவதால்தான் தசை வளர்கிறது. விறைத்த தசை அப்படி இழுபடுவதில்லை. எலும்பு முன்னே போகிறது, தசை பின்தங்குகிறது. போன வருஷம் தரையில் பதிந்த குதிகால் இந்த வருஷம் தூக்கிக்கொள்கிறது. முழங்கால் மடங்கியபடியே நிற்கிறது. தொடைகள் ஒன்றையொன்று இறுக்குகின்றன. இரண்டு வயதில் கையால் நீட்டினால் நீண்ட கால், பத்து வயதில் நீட்டினாலும் நீளுவதில்லை. நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் அழுகிறார்கள். உண்மையில் முற்றியது நோய் அல்ல. கவனிக்காமல் விட்ட காலம்தான்.

விறைப்பாக இருப்பதால் தசைக்குப் பலம் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. விறைத்த தசை பலவீனமான தசையே. பலப்படுத்தும் பயிற்சி கொடுத்தால் விறைப்பு அதிகமாகிவிடும் என்று முன்பு டாக்டர்களே பயந்தார்கள். அந்தப் பயம் தவறு என்று பிற்பாடு தெரிந்தது. உட்கார்ந்து எழுந்திருப்பது, தாழ்ந்த படியில் ஏறி இறங்குவது போன்ற எளிய பயிற்சிகள், அளவோடு செய்தால் நன்மையே செய்கின்றன.

அடுத்தது இடுப்பு. இதை அநேகம் பேர் கவனிப்பதே இல்லை. தொடைத் தசை இழுக்கிற இழுப்பில், தொடை எலும்பின் தலை அதன் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகக்கூடும். ஆஸ்திரேலியாவில் 2006-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இந்தக் குழந்தைகளில் மூவரில் ஒருவருக்கு மேல் இடுப்பு விலகியிருந்தது தெரிந்தது. ஓடி ஆடும் குழந்தைகளிடம் அது அறவே இல்லை. உட்காரவே முடியாத குழந்தைகளிடம் 100-க்கு 90 பேருக்கு இருந்தது. ஆரம்பத்தில் வலிக்காது, ஆகவே யாருக்கும் தெரியாது. தெரிகிறபோது வலி வந்திருக்கும். துணி மாற்றும்போது, காலை அகட்டும்போது குழந்தை வீரிட்டு அழுதால், அதைப் பிடிவாதம் என்று எண்ணி அதட்டாதீர்கள். இடுப்பை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தென் ஸ்வீடனில் 1994 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் காலம் தவறாமல் இடுப்பைச் சோதித்து வந்தார்கள். முற்றும் நழுவிப்போகும் இடுப்புகள் அங்கே மிகவும் குறைந்துவிட்டன.

களைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் குழந்தைகள் சமதரையில் நடப்பதற்கே மற்றக் குழந்தைகளைவிட இரண்டு பங்கு, சமயத்தில் மூன்று பங்கு சக்தி செலவாகிறது. பள்ளிக்கூடம் வரை தட்டுத் தடுமாறி நடந்தே வந்து சேர்ந்த பையன், முதல் பாடத்தில் தூங்கி விழுகிறான். மந்தம் என்று முத்திரை குத்துகிறோம்! அவன் மூளை மந்தமல்ல. அவன் கால்கள் அன்றைய சக்தியையெல்லாம் காலையிலேயே செலவழித்துவிட்டன. இத்தகைய குழந்தைக்குத் தூரமான வழிக்குச் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுப்பது தோல்வி அல்ல. படிப்பதற்கும் விளையாடுவதற்கும் சக்தியை மிச்சம் பிடித்துக் கொடுப்பது.

ஐந்து படிகளும் ஒரு மலைச் சரிவும்

கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1997-ல் இந்தக் குழந்தைகளின் நடமாட்டத்தை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். முதற்படிக் குழந்தை தானே நடக்கும், ஓடும்; கைப்பிடி இல்லாமல் மாடி ஏறும். இரண்டாம் படிக் குழந்தையும் நடக்கும். ஆனால் மாடி ஏறக் கைப்பிடி வேண்டும், மேடு பள்ளத்திலும் சரிவிலும் தடுமாறும். மூன்றாவது, கையில் ஊன்றுகோலோ நடைவண்டியோ வைத்துக்கொண்டு நடப்பது. நான்காவது, பெரும்பாலும் சக்கர நாற்காலியில் போவது. ஐந்தாவது, தலை நிற்பதற்கே துணை வேண்டியிருப்பது.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மலையைப் பாருங்கள். போடியின் சமதளத் தெருவில் இரண்டாம் படியில் இருக்கும் குழந்தையை, மேலே ஏலத் தோட்டத்து லயத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? வாசலை விட்டு இறங்கினால் சரிவு. சரிவு முழுவதும் மழையில் ஊறிய சருகு, வழுக்கும் வேர், அட்டை. ஏறுவதையாவது தவழ்ந்து ஏறலாம். குதிகால் பதியாதவனுக்கு இறங்குவதில் பிடிமானமே இல்லை. தண்ணீர்க் குழாய் கீழே, கழிப்பிடம் பின்னால், கடை எதிர் மேட்டில். கால் அதே கால்தான், நிலம் மாறிவிட்டது. சமதளத்தில் நடந்த பிள்ளை லயத்தில் நாற்காலிப் பிள்ளையாகிவிடுகிறான். நாற்காலியோ அந்தச் சரிவில் ஓடாது!

சாலையே இல்லாத மலைக் குடியிருப்புகளில் நோயாளியைக் கம்பில் டோலி கட்டித் தூக்கி வருவதைச் செய்தித்தாளில் படிக்கிறோம். பிரசவம் என்றால் ஒரு நாள் தூக்கினால் போதும். வாராவாரம் சிகிச்சைக்குப் போக வேண்டிய குழந்தையை யார் தூக்குவது?

கீழே இருப்பவர்களுக்கும் பிரயாணம் லேசானதல்ல. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. போடியிலிருந்து பஸ் மாறிப் போக வேண்டும். கால் மடங்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு உயரமான பஸ் படியில் ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். மீட்டர் கேஜ் ரயில் நின்று பல வருஷம் கழித்து, 2023 ஜூன் 15 முதல் போடிக்கு அகல ரயில் வந்திருக்கிறது. மதுரைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய சௌகரியம். ஆனாலும் ஒரு தடவை போய் வந்தால் அன்றைய கூலி போயிற்று. மூன்று தடவை போன தாய் நான்காவது தடவை போகாமல் இருந்தால், அதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐரோப்பாவில் 7 நாடுகளில், 8 முதல் 12 வயது வரை உள்ள 818 குழந்தைகளை வைத்து ஆராய்ச்சி செய்தார்கள். விளையாட்டு, பள்ளி, சிநேகிதம், வெளியே போவது என்று குழந்தைகள் எதிலெல்லாம் கலந்துகொள்கிறார்கள் என்பதே கேள்வி. பாதிப்பு அதிகமானால் கலந்துகொள்வது குறைந்தது. வலி இருந்தாலும் குறைந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒரே அளவு பாதிப்புள்ள குழந்தைகளின் வாழ்க்கைகூட இடத்துக்கு இடம் மாறியது! சில ஊர்களில் அதிகம் கலந்துகொண்டார்கள். சில ஊர்களில் குறைவு. ஆக, குழந்தையைப் பாயோடு கட்டிப்போடுவது கால் மட்டும் அல்ல. ஊருக்கும் அதில் பங்கு உண்டு.

அதே ஆராய்ச்சியில் இன்னொரு சேதி. பதில் சொல்ல முடிந்த குழந்தைகளிடம், "உன் வாழ்க்கை எப்படி இருக்கிறது?" என்று அவர்களையே கேட்டார்கள். பெரும்பாலான விஷயங்களில் மற்றக் குழந்தைகள் சொன்ன பதிலையேதான் இவர்களும் சொன்னார்கள். 'ஐயோ பாவம்' என்கிற நம் பெருமூச்சு அவர்களுக்கு வேண்டியதில்லை. வாசற்படியைத் தாண்ட ஒரு வழிதான் வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

இந்தக் குழந்தைகள் எட்டக்கூடிய நடமாட்டத் திறனில் பெரும்பகுதியை ஐந்து வயதுக்குள் எட்டிவிடுகிறார்கள் என்று கனடா ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. ஆகையால் ஆறு மாதத்தில் தலை நிற்கவில்லை, பத்து மாதத்தில் உட்காரவில்லை, ஒரே கையை மட்டும் உபயோகிக்கிறது என்றால், 'அவன் அப்பாவும் மெதுவாகத்தான் நடந்தான்' என்ற பாட்டியின் சமாதானத்தைக் கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நம் வீட்டுப் பழக்கங்களில் சில இந்தக் குழந்தைகளுக்கு மருந்துபோல உதவும். இடுப்பில் காலை அகட்டி வைத்துத் தூக்குகிறோமே, பின்னிக்கொள்ளும் தொடைகளுக்கு அது நல்ல பயிற்சி. விறைத்துப் பின்புறமாக வில்போல் வளையும் குழந்தைக்குச் சேலைத் தூளி கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். ஆனால் நாள் முழுவதும் தூளியே கதி என்று விட்டுவிட்டால் கால் மடங்கியே இறுகிப்போகும்.

உட்காரத் தடுமாறும் குழந்தையைச் சுவர் மூலையில் உட்கார வையுங்கள். இரண்டு சுவரும் இரண்டு தோளைத் தாங்கிக்கொள்ளும். கால் பின்னாமல் இருக்க, சாக்கைச் சுருட்டித் தொடைகளுக்கு நடுவே வைக்கலாம். உட்கார்ந்தால் கை விடுபடும். கை விடுபட்டால் சாப்பாடும் விளையாட்டும் எழுத்தும் வரும். படுத்திருக்கும் குழந்தை கூரையைப் பார்க்கிறது. உட்கார்ந்த குழந்தை உலகத்தைப் பார்க்கிறது. நடை பழக முற்றத்தில் இரண்டு மூங்கில் கழிகளை இடுப்பு உயரத்துக்குக் கட்டினால் போதும்.

எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை. ஆனால் விறைத்த காலை வெடுக்கென்று இழுத்து நீட்டுவது ஆபத்து. எலும்பு முறிந்ததுகூட உண்டு. மெள்ள, நிதானமாக, எப்படி என்று கற்றுக்கொண்டு செய்ய வேண்டும். காலில் மாட்டும் தாங்கியைக் குழந்தை வளர வளர மாற்ற வேண்டும். சென்ற வருஷத்துச் சட்டையை இந்த வருஷம் திணித்துப் போடுவோமா? கால் தாங்கியும் அப்படித்தான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்று. நடக்கவே போவதில்லை என்று தெரிந்த குழந்தைகளிலும், பிடித்துக்கொண்டால் அரை நிமிஷம் காலில் பாரம் தாங்கி நிற்கக் கற்றுக்கொள்பவர்கள் பலர் உண்டு. அரை நிமிஷம் நின்று என்ன பிரயோசனம் என்கிறீர்களா? பாயிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் மாற அந்த அரை நிமிஷம் போதும். பதினைந்து வயதுப் பிள்ளையை முழுப் பாரமாகத் தூக்குவதற்குப் பதில், தாய் கை கொடுத்தால் அவனே எழுந்து மாறிக்கொள்வான். குனிந்து குனிந்து காய் பறிக்கிற இடுப்புக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

வாசலைத் தேடி வரும் உதவி

தாய் மருத்துவமனைக்கு வர முடியாவிட்டால் உதவி வீட்டுக்கு வரவேண்டும் என்ற எண்ணம் நம் பக்கத்திலேயே செயலாகியிருக்கிறது. இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தெற்கே தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது கழுத்துத் தண்டில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழ் இயக்கமிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அதை ஆரம்பித்தார். அங்கே பயிற்சி பெற்ற ஊழியர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய்த் தாய்க்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தைக் கைக்கணினியில் பதிந்து நிபுணர்களின் யோசனையைப் பெறுகிறார்கள்.

அரசாங்கத்தின் கதவுகளும் சில திறந்திருக்கின்றன. அவற்றைத் தட்டத் தெரிய வேண்டும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தரவும் இடமுண்டு. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். 2016-ம் ஆண்டுச் சட்டப்படி, 40 சதவிகிதமும் அதற்கு மேலும் ஊனமுள்ளதாகச் சான்று பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. அழைத்துவரும் துணையாளுக்கும் போக்குவரத்துக்கும் படி கேட்கலாம். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் வருஷத்துக்கு 1 லட்ச ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழியிருக்கிறது.

தோட்டத் தொழிலாளருக்கு ஒரு சிக்கல் உண்டு. போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். வேலை அந்த மாநிலத்தில், குடும்ப அட்டை இந்த மாநிலத்தில். உதவித்தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டையோ நாடு முழுவதும் செல்லும். ஆகவே முதற்காரியமாக அந்த அட்டையை வாங்கிவிடுவது நல்லது.

* * *

திரும்புவதற்கு முன் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். கேட்டதையெல்லாம் எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன். "நடப்பானா என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல். நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவன் எங்கெங்கே போக வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டு வை," என்றேன்.

அவள் சற்று யோசித்தாள். "பள்ளிக்கூடம். கோயில். அப்புறம்..." என்று இழுத்தாள்.

பாயிலிருந்து குரல் வந்தது. எனக்குப் புரியவில்லை. தாய் சிரித்தபடி சொன்னாள்: "ஜீப்பு நிக்கிற இடத்துக்குப் போகணுமாம். இத்தனை நாளும் சத்தத்தைத்தானே கேட்டுக்கிட்டிருக்கான்!"

அந்த வீட்டிலிருந்து ஜீப்பு நிற்கும் இடத்துக்கு எத்தனை தூரம் என்று வரும் வழியில் எண்ணிக்கொண்டே வந்தேன். வாசலில் இரண்டு படிகள், ஒரு சாக்கடை, அப்புறம் தொண்ணூறு அடி. படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்வுப் பலகையும், சாக்கடைமேல் ஒரு கல்லும், தள்ளிக்கொண்டு போக ஒரு நாற்காலியும் இருந்தால் போதும். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், நீங்களும் ஒரு தடவை எண்ணிப் பாருங்களேன்.